பிழையில்லாத நான்கு வரி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியானது முதலில். டீச்சரின் விண்ணப்பத்தைக் கல்வித் துறை நிராகரித்துவிட்டது. ஆதாரம்: துணை இயக்குநர் கையெழுத்திட்ட ஒன்றரைப் பக்க உத்தரவு, நேற்று பதிவுத் தபாலில் வந்தது.

நான் சட்டம் படிக்கக் கிளம்பிய அன்று நீ சொல்லிக்கொடுத்த வரிசை இது. உறுதியானது முதலில், நிலுவை கடைசியில், நடுவில் அழுகை இருந்தால் சுருக்கமாக. இன்னும் மாற்றவில்லை.

நான் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது ஆட்சேபம் தெரிவிக்கிறது. முப்பது வருஷம் முன்பு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் ஆபீஸ் பிடித்த அந்த இருபத்தாறு வயசுக்காரி கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? காது மிஷின் போனை எடுத்தால் இன்னும் விசிலடிக்கிறதா? அடிக்கட்டும். அதனால்தான் எனக்குக் கடிதம் கிடைக்கிறது.

டீச்சர் யார் என்று சொல்கிறேன். கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள சலவைக் கடையில் என் கருப்புக் கோட்டைப் பத்து வருஷமாக இஸ்திரி போட்டுத் தருபவர். பள்ளிச் சீருடைகள்தான் அங்கே அதிகம். எந்தச் சட்டையில் பொத்தான் தொங்குகிறது என்று பார்த்து, யாரிடமும் சொல்லாமல் தைத்துக் கொடுப்பார். திருநங்கை. தெருவே "டீச்சர்" என்று கூப்பிடும். பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன். திருநர்கள் தங்கள் பழைய வேலைப் பதிவுகளிலும் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று வருஷம் முன்பு ஒரு தீர்ப்பு வாங்கினோமே, அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டை ஒருநாள் என் கோட்டுக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார். "இது எனக்கும் உண்டாம்மா?" என்றார். பத்து வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

நிஜமாகவே டீச்சர்தான். முப்பத்தொரு வருஷம் முன்பு, பதினான்கு மாதம், நான்காம் வகுப்புக் கணக்கு. ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது, இரண்டாம் நாள் வேலை போயிற்று. இப்போது அவர் வேலையோ சம்பளமோ கேட்கவில்லை. ஒரு தாள் கேட்கிறார். இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார் என்று, அவருடைய பெயரில்.

பதிவேட்டில் உள்ள ஆளும் இவரும் ஒருவர்தான் என்பதற்கு அந்தக் காலத்து ஆவணம் கொண்டுவா என்கிறது துறை. சான்றிதழ்களை எல்லாம் வாடகை வீட்டின் சொந்தக்காரர் தெருவில் எறிய, மழையில் போய்விட்டன. பழைய பெயரும் இன்றைய பெயரும் சேர்ந்து பதிவான ஒரே இடம், அவர் வேலையைத் தின்ற அந்தச் செய்திதான். உன் பத்திரிகை. நீ வேலை பார்த்த ஊர், நீ இருந்த வருஷம். மே மாதம் என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. தேடிக் கொடு. எழுதியது யார் என்றும் கேட்டுச் சொல்.

பெயர்கள் தனித்தாளில் இருக்கின்றன. பழைய பெயரை எந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தேடி முடித்ததும் தாளைக் கிழித்துவிடு.

டீச்சருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒரு வருஷம்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நிலுவை: நிராகரிப்பை எதிர்த்து என் மனு. முதல் விசாரணை மார்ச் 6.

உன் தங்கை


பிப்ரவரி 21

அன்புள்ள தங்கைக்கு,

உறுதியானது: செய்தி கிடைத்தது. மே 17, ஐந்தாம் பக்கம், ஆறாம் பத்தியின் அடியில், நான்கு வரி. ஆதாரம்: பத்திரிகை நூலகத்தின் பழைய தொகுப்பு. நானே பக்கத்தைப் புரட்டினேன். நூலகர் முத்திரையுடன் நகல் இணைத்திருக்கிறேன்.

நாங்கள் நலம். ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஆதாரம் மிஷின்தான், அண்ணிக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறாள்.

நூலகத்தில் இப்போது யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பழைய அச்சுக்கூட ஃபோர்மேன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "என்ன வீட்டு நம்பர்! இந்த வயசுல யார் வீட்டைத் தேடி வந்தே?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். வீட்டு எண் இல்லாமல் எந்த ஜூனியர் செய்தி கொண்டுவந்தாலும், போய்க் கேட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவன் நான்.

செய்தியில் எழுதியவர் பெயர் இல்லை. மாவட்டச் செய்திகளுக்குப் பெயர் போடும் வழக்கம் அப்போது கிடையாது.

தாளைக் கிழித்துவிட்டேன். என் பக்கம் நிலுவை ஏதுமில்லை.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியானது: நகல் மட்டும் போதாதாம். ஆதாரம்: நீதிபதி, திறந்த கோர்ட்டில், என் முகத்தைப் பார்த்து. "பேப்பர்ல ஆயிரம் போடுவாங்க. யார் சொல்லி எழுதினாங்க, யாரைப் பார்த்து எழுதினாங்க?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். எழுதிய நிருபரே, நான் பார்த்துப் பேசியது இந்த ஆளைத்தான் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஏப்ரல் 10 வரை அவகாசம்.

நான் நலம். அண்ணி சொன்ன எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் இப்போது மணக்கிறது, வலியும் அப்படியே இருக்கிறது.

நகலை டீச்சரிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் அவரே கேட்டு வாங்கினார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஊர், தெரு, வீட்டு எண் 14, பள்ளி, வயது 24, இரண்டு பெயர். "ஒரு பிழைகூட இல்லைம்மா," என்றார். நாலு வரிச் செய்தியில் வீட்டு எண் வரை. யார் எழுதினாரோ, கவனமான ஆள்.

பிறகு சொன்னார். ஒரு சாயங்காலம் பஸ் நிலையத்துப் பக்கம் ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கே இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒருவர் வந்தாராம். டீச்சர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அன்னைக்கு என்னை 'ங்க' போட்டுப் பேசின ஒரே ஆளு அவர்தாம்மா. போலீஸ் எழுதின பேரைச் சொன்னேன். 'அது அவங்க எழுதினது. உங்களை நீங்க எப்படிக் கூப்பிட்டுக்குவீங்க?'ன்னு கேட்டார். அதுவரைக்கும் அந்தப் பேரை நான் கண்ணாடிகிட்டகூடச் சொன்னதில்லை. அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். கோர்ட்டுலேர்ந்து வந்த ஆளுன்னு நினைச்சுட்டேன்."

பதினான்காம் எண் வீட்டில் டீச்சரின் அம்மாவும் இருந்தார். பக்கத்து வீட்டில் பேப்பரை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கூட்டம் வந்து கதவைத் தட்டிய நேரத்தில் அம்மா பெட்டியோடு பெரிய மகன் வீட்டுக்குப் போயாயிற்று. ஒன்பது வருஷம் கழித்து அங்கேயே இறந்தார். நடுவில் ஒருமுறைகூட மகளைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

"அந்த ஆள் மேல கோபம் வரலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வராம? ஆனா என் பேரைச் சரியா போட்டிருந்தாரும்மா," என்றார்.

அந்த அலுவலகத்தில் அப்போது யார் யார் இருந்தீர்கள்? உனக்குத் தெரிந்திருக்கும்.

நிலுவை: ஏப்ரல் 10.

உன் தங்கை


ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி, டாக்டர் மாத்திரையை மாற்றினார். இப்போது பரவாயில்லை. அண்ணி நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அந்த அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தோம். மூத்த நிருபர் இறந்து பதினோரு வருஷமாகிறது. போட்டோ எடுத்தவர் மகள் வீட்டில் இருக்கிறார், நினைவு தப்பிவிட்டது. போன மாதம் போய்ப் பார்த்தேன். என்னை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டினார்.

ஏப்ரல் 10 என்னவாயிற்று என்று எழுது. டீச்சரின் உடல்நிலை பற்றியும்.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியானது: ஜூன் 27 வரை கடைசி வாய்தா. ஆதாரம் கோர்ட் குறிப்பேடு. "கடைசி" என்ற சொல்லுக்கு நீதிபதியே அடிக்கோடு போட்டிருக்கிறார்.

டீச்சரைப் போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண்கள் வார்டில் கட்டில் போட்டுவிட்டார்கள். எட்டு வருஷம் முன்பு அதே ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டு, திருநங்கைகளைப் பெண்கள் வார்டில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வாங்கியிருக்கிறேன். அந்த உத்தரவு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அதன் மேல் டீ டம்ளர் வைத்திருக்கிறார்கள். டம்ளரை எடுத்துவிட்டு வாசித்துக் காட்டினேன். "மேடம், கோபப்படாதீங்க, ஆளு புதுசு," என்றார் தலைமை நர்ஸ். சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார்கள். கட்டிலில் தொங்கும் அட்டையிலும் பெயரைத் திருத்த வைத்தேன்.

இந்த முப்பது வருஷத்தில் நான் செய்தது இதுதான் என்று அன்று தோன்றியது. ஒரு முறை ஜெயிப்பது, பிறகு அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் டம்ளரை நகர்த்துவது. ஆரம்பத்தில் என்னைத் தேடி வரும் திருநங்கைகள் மாடிப்படியில் ஏறக் கூடாது என்று கட்டடச் சொந்தக்காரர் சண்டை போட்டது உனக்கு நினைவிருக்குமே. படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் கட்சிக்காரர்களைப் பார்த்தேன். வக்கீல்கள் கூடும் பார் ரூமில் "படிக்கட்டு வக்கீல்" என்றார்கள். அப்போது எனக்குக் கோபம் வரும். இப்போது களைப்புதான் வருகிறது.

டீச்சருக்கு ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும், "எழுதினவர் கிடைச்சாராம்மா?" என்று கேட்கிறார். "தேடிட்டிருக்கோம் டீச்சர்," என்கிறேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு. அண்ணிக்கு என் அன்பு.

நிலுவை: ஜூன் 27.

உன் தங்கை


ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல். நான் லெட்டர் எழுதியே பத்து வருஷம் இருக்கும், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நீ அனுப்பிய கடைசி லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். சட்டையைத் துவைக்கக் கொடுங்கள் என்றால், லெட்டரை எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார். போன வாரம் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தானே ஏணி வைத்து ஏறி இறக்கினார். இந்த அழுத்தத்தோடு ஏணி! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். இறக்கினாரே தவிரத் திறக்கவில்லை. மூன்று நாளாக அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பழைய நோட்டுப் புத்தகங்கள்தான், ரிப்போர்ட்டராக இருந்தபோது எழுதியவை. "அதுல என்னங்க பாம்பா இருக்கு?" என்று கேட்டேன். "ஆமா"ன்னார்.

உங்களுக்குள் சண்டையா? நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார். நான் சொன்னால்தான் காது மிஷினைக் கழற்றிவிடுகிறார்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

உறுதியானது: அந்த நான்கு வரியை எழுதியவன் நான். ஆதாரம் இத்துடன் இருக்கும் நோட்டுப் புத்தகம், முப்பத்தெட்டாம் பக்கம்.

பிப்ரவரியில் உன் தனித்தாளைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. நூலகத்துக்குப் போகாமலே தேதியைச் சொல்லியிருப்பேன். உனக்கு நான் எழுதிய கடிதங்களில் பொய் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். செய்தியில் பெயர் இல்லை என்றேன், இல்லை. மூன்று பேர் இருந்தோம் என்றேன், இருந்தோம். இரண்டு பேரைப் பற்றி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது கைவந்த கலை.

அன்று நடந்ததை எழுதுகிறேன். ஸ்டேஷன் டைரியில் ஏழு பெயர். ஆறு பேர் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது ஆள் பெஞ்சின் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், தேர்வு எழுத வந்தவர் மாதிரி. பெயர் கேட்டேன். டீச்சர் உன்னிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. அவர் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. "நீங்க வக்கீலா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. "சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றேன். இரண்டு சொல்தான். பெயரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று நோட்டையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுத்தேன். போலீஸ் எழுதிய பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். பள்ளியின் பெயர், நான்காம் வகுப்பு, கணக்கு. பிறகு வீட்டு எண். அதையும் கேட்டேன். வக்கீல் வீட்டுக்கு வருவார் என்று நினைத்து, பஸ் நிறுத்தத்திலிருந்து எப்படி வர வேண்டும் என்று சின்னதாக ஒரு படமும் போட்டுக் கொடுத்தார். பார், இருக்கிறது.

நான்கு வரி எழுத எனக்கு ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். செய்தி ஆசிரியர், "எல்லாம் செக் பண்ணியாச்சா?" என்றார். "அவங்க கையாலயே எழுதி வாங்கிட்டேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் அந்தத் தெரு வழியாகப் போனேன். பதினான்காம் எண் வீட்டில் கதவு இல்லை. பலகை அடித்து மூடியிருந்தார்கள். நான் இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று யாரையும் கேட்கவில்லை. என் வேலைக் காலத்தில் தொடர்ந்து போய் விசாரிக்காமல் விட்ட ஒரே செய்தி அது. நோட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு நீ இந்த வழக்குகளை எடுக்க ஆரம்பித்தாய். நீ ஜெயித்த ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதிப் பாராட்டினேன். அந்தக் கடிதங்களை எல்லாம் எப்படி எழுதினேன் என்று கேட்காதே.

நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் மேலே இருக்கிறது. டீச்சரின் கையெழுத்தைப் பள்ளி வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடச் சொல், போதும். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அனுமதித்தால் நேரில் வருகிறேன்.

நிலுவை: அவர் என்னைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்பது.

அண்ணன்


ஜூன் 26

உறுதியானது: டீச்சர் நேற்று முன்தினம், ஜூன் 24, காலை ஆறு இருபதுக்கு இறந்தார். ஆதாரம்: நான் பக்கத்தில் இருந்தேன்.

உன் பொதி இன்று பதினொன்றரைக்கு வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியிலிருந்து தெரியும். நகலில் வீட்டு எண்ணைப் பார்த்தேன். நாலு வரிக்குள் அதை நுழைக்க இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. என் ஜூனியர் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு ஒரு சம்மன் அனுப்பியிருக்கலாம். "நீதானே?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அண்ணன் கூண்டில் தானாக ஏறட்டும், நான் ஏற்ற வேண்டாம் என்று காத்திருந்தேன். கவனமான ஆள் என்று எழுதிவிட்டு உன் பதிலுக்கு ஏழு வாரம் காத்திருந்தேன். உன்னை நல்லவனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைக்கு நான்கு மாதம் செலவாயிற்று. அந்த நான்கு மாதம் என்னுடையது இல்லை. உன்னுடையதும் இல்லை.

"தேடிட்டிருக்கோம் டீச்சர்." அண்ணனும் தங்கையும் சேர்ந்து அவருக்குச் சொன்னது இது. உன் கடிதத்தில் பொய் இல்லை என்கிறாய். என் வாயில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரால் பேச முடியவில்லை. என் கோட்டுக் கையைப் பிடித்து, மடிப்பைத் தடவிப் பார்த்தார். வேறு யாரோ இஸ்திரி போட்டது. இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறது. கட்டில் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அரசாங்கம் கொடுத்த காகிதத்தில் அவர் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை.

படத்தைப் பார்த்தேன். பஸ் நிறுத்தம், மரம், மூன்றாவது வீடு.

நாளை கோர்ட்டில் மனுதாரர் இறந்ததைத் தெரிவிக்க வேண்டும்.


ஜூலை 30

ஐயா,

மேற்படி வழக்கில், காலமான மனுதாரருக்குப் பதிலாகச் சலவைக் கடை உரிமையாளரை மனுதாரராகச் சேர்க்கக் கோரும் மனுவும், அசல் மனுவும் செப்டம்பர் 15 அன்று ஒன்றாக விசாரிக்கப்பட உள்ளன. தாங்கள் அன்று காலை பத்தரை மணிக்கு ஆறாம் எண் கோர்ட்டில் நேரில் ஆஜராகி, தங்கள் பிரமாணப் பத்திரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் குறித்துச் சாட்சியம் அளிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. மனுதாரர் தரப்பு வழக்கறிஞருக்குச் சாட்சி உடன்பிறந்தவர் என்பதால், அன்று தங்களை ஜூனியர் வழக்கறிஞரே விசாரிப்பார்.

வழக்கறிஞர், மனுதாரர் தரப்பு

(கீழே, கையெழுத்தில்:) மாத்திரையை எடுத்துக்கொண்டு வா. மிஷினுக்கு மாற்று பேட்டரியும். கோர்ட்டில் மைக் வேலை செய்யாது.


செப்டம்பர் 18

அன்புள்ள தங்கைக்கு,

உறுதியானது: பத்திரிகை திருத்தம் வெளியிடாது. ஆதாரம்: ஆசிரியர், நேற்று மாலை நான்கு மணிக்கு, அவருடைய அறையில். மகன் வயசு. எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார். நகலை இரண்டு முறை படித்தார். "சார், திருத்தம்னா தப்பு இருக்கணும். இதுல என்ன சார் தப்பு? எல்லாமே சரியா இருக்கே," என்றார். நானும் இத்தனை வருஷம் வாசகர்களிடம் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீடு வந்து சேர்ந்தேன், நலம். அண்ணி நலம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

கோர்ட்டில் நீ பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அங்கே பாதி கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன். சலவைக் கடைக்காரம்மாவிடம் நீதிபதி, இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார். "இருபத்தேழு வருஷம் என் கடையில இஸ்திரி போட்டாங்க. என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாங்க. உறவுன்னா நீங்க எதைச் சொல்றீங்க ஐயா?" என்றார் அந்த அம்மா. நீதிபதி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

உன் ஜூனியர் என்னை நன்றாக விசாரித்தாள். ஒரு கேள்விகூட எனக்குச் சாதகமாகக் கேட்கவில்லை. நீ வளர்த்த பெண் என்று தெரிந்தது. அரசு வழக்கறிஞர் இரண்டே கேள்விதான் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்.

"மனுதாரர் வக்கீல் உங்க தங்கச்சிதானே?"

"ஆமா."

"செய்தியில பிழை ஏதாவது உண்டா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்காக வருந்துறதா பிரமாணத்துல எழுதியிருக்கீங்க?"

மூன்றாவது கேள்வியாகிவிட்டது, அவர் கவனிக்கவில்லை. மிஷின் விசிலடிக்க ஆரம்பித்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை, எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. "அவங்க என்னை வக்கீலான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல," என்றேன். திரும்பிப் பார்த்தபோது நீ இடத்தில் இல்லை. ஜூனியர் வந்து, நீ அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். ஒரு ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாள். டீயில் சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை கூடாது என்று அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

பிறகு சலவைக் கடைக்குப் போனேன். அந்த அம்மா தன் விசாரணை முடிந்ததுமே கடைக்குத் திரும்பிவிட்டதால் என் சாட்சியத்தைக் கேட்டிருக்கவில்லை. நான் யார் என்று சொன்னேன், இந்த முறை முதலிலேயே. அந்த அம்மா கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு, "உள்ள வாங்க, மேஜை இங்கதான் இருக்கு," என்றார். மேஜையின் அடிப்பலகையில் டீச்சர் சாக்பீஸால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், யார் பிள்ளைக்கோ சொல்லிக்கொடுத்தது. ஏழு பெருக்கல். ஒன்பதாம் வரியோடு நிற்கிறது. யாரும் அழிக்கவில்லை. உன் இன்னொரு கோட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை மடிப்புதான், பார்த்தேன்.

அங்கிருந்து வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் வந்தேன்.

நிலுவை: நோட்டில் உள்ள எழுத்தும் வருகைப் பதிவேட்டில் உள்ள எழுத்தும் ஒன்றா என்ற நிபுணர் அறிக்கை, அக்டோபர் 6. தீர்ப்பு, அக்டோபர் 14, காலை பத்தரை, ஆறாம் எண் கோர்ட். மனு ஏற்கப்பட்டால் சான்றிதழ் இரண்டு வாரத்தில் வரும் என்று கோர்ட் குமாஸ்தா சொன்னார். யாரிடம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லையாம்.

பதினான்காம் தேதி நான் வருவேன். நீ வரச் சொல்லவில்லை. பொதுமக்கள் பெஞ்சில், கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். கையில் நோட்டு இருக்காது.

அண்ணன்